லூமாத் துறையில் ஒரு பிற்பகல்

ஸ்வீடன் நாட்டின் தலைநகரமாகிய ஸ்டாக்ஹோம், 14 தீவுகளின் மீது பரந்து கிடக்கும் நகரம். மேலாரன் என்னும் பேரேரியின் நன்னீர் பால்டிக் கடலின் உவர்நீரோடு கலக்குமிடத்தில் அது அமைந்திருக்கிறது. ஒரு தெருவின் முடிவில் நீர், பாலத்தைக் கடந்தால் மீண்டும் ஒரு தெரு, அதன் முடிவில் மீண்டும் நீர். நகரின் தென்புறத்தில் ஹம்மர்பி என்றொரு நீர்நிலை இருக்கிறது. அதன் கரை முழுவதும் முன்னாளில் ஆலைகளும் கிடங்குகளும் சரக்குத் துறைகளுமாக இருந்தது. 2004-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்களைத் தங்கள் நகரில் நடத்த வேண்டுமென்று விரும்பிய ஸ்டாக்ஹோம் நகரசபையார், பந்தய வீரர்களுக்கான குடியிருப்பை அங்கே அமைக்கத் திட்டமிட்டனர். 1997-இல் அந்த வாய்ப்பு ஏதென்ஸ் நகருக்குப் போய்விட்டது. ஆயினும் திட்டத்தை நகரசபையார் கைவிடவில்லை. அழுக்கேறிக் கிடந்த துறைமுகப் பகுதியைத் தூய்மை செய்து ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டினார்கள். வீட்டுக் குப்பையைத் தெருவில் வண்டி வந்து எடுப்பதில்லை. பூமிக்கடியிலுள்ள குழாய்கள் வழியாகக் காற்றின் வேகத்தால் உறிஞ்சி எடுத்துச் செல்கிறார்கள்.

நாம் அக்கரையிலிருந்து நகரசபையின் ஏற்பாட்டில் ஓடும் சிறு படகில் ஏறிச் சென்றோம். கட்டணம் யாரும் கேட்கவில்லை. சில நிமிடங்களில் படகு ஒரு துறையில் ஒதுங்கிற்று. அத்துறைக்கு லூமாத் துறை என்று பெயர். அருகில் ஓடும் டிராம் வண்டியின் நிலையத்துக்கும் லூமா என்றே பெயர். எதிரே ஒழுங்கான வரிசைகளில் கண்ணாடிச் சன்னல்கள் பதித்த, அலங்காரம் ஏதுமற்ற பெரிய கட்டடங்கள் நின்றன. அவற்றில் ஒன்றின் கீழ்த்தளத்தில், நீரை நோக்கிய பக்கத்தில், பீர் காய்ச்சும் சிற்றாலை ஒன்றும் அதனோடு இணைந்த உணவுச்சாலையும் இருந்தன. நாம் பார்க்கப் போனது அந்த இடத்தைத்தான்.

நெசவாளரும் பயிர்த்தொழிலாளரும் படிக்கும் கூட்டுறவுப் பத்திரிகையில் பீர் ஆலைக்கு என்ன வேலை என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். மதுவுக்குப் பரிந்து பேச நாம் இதை எழுதவில்லை. அந்த இடத்தில் நாம் அருந்தியதும் பழரசமே. அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் யார் என்பதுதான் நம்மை அங்கே இழுத்துச் சென்றது. அது கூட்டுறவாளர் கட்டிய மின்விளக்கு ஆலை. உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகள் சில ஒன்றுகூடிப் போட்ட கட்டை உடைப்பதற்கென்றே எழுப்பப்பட்ட ஆலை அது.

1924-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஜெனீவா நகரில் மின்விளக்கு உற்பத்தியாளர்கள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஜெர்மனியின் ஆஸ்ரம், ஹாலந்தின் பிலிப்ஸ், பிரான்சின் விளக்குக் கம்பெனி, அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் வெளிநாட்டுக் கிளைகள் முதலியவை அதில் சேர்ந்தன. அந்தக் கூட்டுக்குப் பீபஸ் என்று பெயரிட்டார்கள். கிரேக்கர்கள் சூரிய தேவனுக்கு வழங்கிய பெயர் அது. எந்த நாட்டுச் சந்தை யாருக்கு உரியது, யார் எவ்வளவு விற்கலாம் என்றெல்லாம் அவர்கள் வரையறுத்துக்கொண்டது மட்டுமன்று. சாதாரண மின்விளக்கு ஒன்று 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்றும் முடிவு செய்தார்கள். அதற்கு முன் 1,500 மணி, 2,000 மணி என்று எரிந்த விளக்குகள் உண்டு. ஒவ்வோர் ஆலையும் தன் விளக்குகளின் மாதிரிகளைச் சுவிட்சர்லாந்தில் இருந்த சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். விதித்த காலத்துக்கு மேல் எரிகிற விளக்கைச் செய்தவர் அபராதம் செலுத்த வேண்டும். நல்ல சரக்கைச் செய்ததற்காக அபராதம் விதித்த சங்கம் வேறெங்கேனும் இருந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆலைக்காரர் ஒன்றுசேர்ந்து விலையை நிர்ணயித்தால் வாங்குகிறவன் கதி என்ன ஆகும் என்பதைக் கைத்தறியாளருக்கு விளக்க வேண்டியதில்லை. நூல் விலை ஏறுகிறபோதெல்லாம் அவர்கள் அதை அனுபவிக்கிறார்கள். நம் நாட்டில் கூட்டுறவு நூற்பாலைகள் தோன்றியதற்கும் அதுவே காரணம். ஸ்வீடனின் கூட்டுறவாளரும் அதே வழியைத்தான் பற்றினார்கள். அந்நாட்டின் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்கள் 1899-ஆம் ஆண்டில் ஒரு பேரவையாக இணைந்தன. கே.எப். என்னும் இரண்டெழுத்தால் அதைக் குறிப்பிடுவார்கள். 1924 முதல் 1957 வரை அதற்குத் தலைமை வகித்த ஆல்பின் யோஹான்சன், ஏகபோகத்தை எதிர்ப்பதில் விடாப்பிடியானவர். சர்க்காரிடம் மனுக் கொடுத்துக் காத்திருப்பது அவர்கள் முறையன்று. எந்தப் பண்டத்தில் கட்டு இறுகுகிறதோ அந்தப் பண்டத்தைத் தாங்களே உற்பத்தி செய்யத் தொடங்கிவிடுவார்கள். கோதுமை மாவில் கட்டு ஏற்பட்டபோது 1922-இல் மூன்று மகுடம் என்ற பெயருடைய பெரிய மாவாலையை வாங்கினார்கள். பனியிலும் சேற்றிலும் நடப்பதற்காகப் பாதரட்சையின் மேல் மாட்டிக்கொள்ளும் ரப்பர் உறைகள் அந்நாட்டில் இன்றியமையாதவை. அவற்றின் விலையைச் சில ஆலைகள் சேர்ந்து உயர்த்தி வைத்திருந்தபோது, 1926-இல் கிஸ்லாவேத் என்னும் ஊரில் இருந்த ரப்பர் ஆலையைக் கைப்பற்றினார்கள். சந்தை முழுவதையும் தங்கள் கைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் நோக்கமன்று. நியாயமான விலைக்கு விற்கும் ஓர் ஆலை சந்தையில் இருந்தால் மற்றவர்களும் இறங்கி வந்தே தீர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

மின்விளக்கு விஷயத்தில் பகைவர் உள்நாட்டுக்காரர் அல்லர். ஆகவே கூட்டுறவும் நாட்டு எல்லையைக் கடந்தது. ஸ்வீடன், டென்மார்க், நார்வே, பின்லாந்து ஆகிய நாடுகளின் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றுகூடி, 1931-இல் லூமாக் கூட்டுறவு ஒன்றியத்தை நிறுவின. இந்நாட்டுச் சங்கங்களுக்கு ஒன்றாக வேலை செய்வது புதிதன்று. 1918 முதலே அவை பொதுக் கொள்முதல் சங்கம் ஒன்றைக் கோபன்ஹேகனில் நடத்தி வந்தன. ஹம்மர்பிக் கரையில் ஆலைக் கட்டடம் 1930-ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. அதை வரைந்தவர்கள் கே.எப்.இன் சொந்தக் கட்டடக்கலை அலுவலகத்தைச் சேர்ந்த ஆர்த்தூர் வான் ஷ்மாலென்சே, எஸ்கில் சுந்தால் ஆகியோர். வேண்டாத பூவேலை ஒன்றும் இல்லாமல், பயனுக்கேற்ற வடிவமே அழகு என்ற புதுக்கொள்கையின்படி ஸ்வீடனில் எழுந்த முதல் ஆலைக் கட்டடங்களில் அதுவும் ஒன்று. கட்டடத்தின் உச்சியில் நாற்புறமும் கண்ணாடியாலான ஒரு கூண்டு இருக்கிறது. அதில் விளக்குகளை எரியவிட்டுச் சோதிப்பார்கள். இரவில் அது தொலைவிலிருந்தும் தெரியும். சோதனையும் ஆயிற்று, காசு செலவில்லாத விளம்பரமும் ஆயிற்று.

பீபஸ் கூட்டத்தார் வழக்குப் போடுவதாகவும் வேறு வகையிலும் மிரட்டிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. 1931-இல் லூமா விளக்குகள் கூட்டுவிலையைக் காட்டிலும் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கடைகளில் விற்பனையாயின. நாட்டு மக்களில் கூட்டுறவுச் சங்கத்தில் சேராதவர்களுக்கும் அந்த நன்மை கிட்டிற்று. ஸ்காட்லாந்தின் கூட்டுறவாளர் இதைக் கண்டு, லூமாவுடன் சேர்ந்து கிளாஸ்கோ நகரில் 1938-இல் மற்றோர் ஆலை கட்டினார்கள். அதற்கும் ஒரு கண்ணாடிக் கோபுரம் வைத்தார்கள். அடுத்த ஆண்டு உலகப்போர் மூண்டது. பகை நாடுகளில் இருந்த கம்பெனிகள் கூடிப் பேச வழியின்றிப் பீபஸ் கூட்டு கலைந்தது.

லூமாவின் கதை இத்தோடு முடிந்திருந்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கட்டடத்தில் இன்று விளக்கு செய்வோர் எவருமில்லை. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கே.எப். தன் ஆலைகளில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக விற்றுவிட்டது. கட்டு உடைந்த பிறகு ஆலையை வைத்திருப்பதால் என்ன பயன் என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயமில்லாமல் இல்லை. முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர்களோடு கூட்டுறவுக் கடைகள் இன்றும் நாடெங்கும் நடக்கின்றன. எனினும் தேவைப்பட்டால் நாளையே உற்பத்தியில் இறங்கிவிடுவோம் என்று பெருமுதலாளிகளை அஞ்சவைத்த அந்த வல்லமை ஆலைகளோடு போய்விட்டது என்பது நம் எண்ணம். வாங்குபவனாக மட்டும் இருக்கும் சங்கத்துக்கும், செய்யவும் தெரிந்த சங்கத்துக்கும் பேரம் பேசும்போது வேற்றுமை தெரிகிறது.

இனி உள்ளே சென்று பார்ப்போம். உணவுச்சாலையிலிருந்து பார்த்தாலே உருக்குக் கொப்பரைகள் தெரிகின்றன. பீர் காய்ச்சும் முறையில் பாதி நம் வீடுகளில் தெரிந்ததுதான். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி உலர்த்தி மாவாக்கிக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோம் அல்லவா? அங்கே வாற்கோதுமையை அவ்வாறே முளைகட்டுகிறார்கள். முளை சற்று எழுந்ததும் சூடான காற்றில் உலர்த்தி வளர்ச்சியை நிறுத்துகிறார்கள். இலேசாக உலர்த்தினால் வெளிர்நிறப் பீர் கிடைக்கும். கருக வறுத்தால் போர்ட்டர் என்னும் கருநிறப் பீர் கிடைக்கும். முளைத்த தானியத்தை நொறுக்கி, ஏறக்குறைய 65 பாகை வெப்பமுள்ள நீரில் ஊறவைத்தால், முளையில் உண்டான நொதிகள் மாவுப் பொருளைச் சர்க்கரையாக்கும். இனித்த அந்த நீரை வடித்து, ஹாப் என்னும் கொடியின் பூங்காய்களைச் சேர்த்துக் கொதிக்கவைப்பார்கள். கசப்பும் மணமும் அதனால் வருவன. கெட்டுப்போகாமல் காப்பதிலும் அதற்குப் பங்குண்டு. பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விடுவார்கள். வடித்தபின் எஞ்சும் சக்கையைப் பொதுவாக மாட்டுத் தீவனமாகக் கொடுத்துவிடுகிறார்கள். நம் செக்குகளிலிருந்து பிண்ணாக்கு போவதைப் போன்றதே அது.

உணவில்லாமல் மது மட்டும் விற்கும் கடையை ஸ்வீடனின் சட்டம் நெடுங்காலமாக விரும்பியதில்லை. மது பரிமாறும் இடத்தில் அடுக்களையும் சமைத்த உணவும் இருக்க வேண்டுமென்று அது வற்புறுத்தி வந்திருக்கிறது. ஆலையும் உணவுச்சாலையும் ஒட்டியே அமைவதற்கு இதுவும் ஒரு காரணம். மதுவைப் பற்றி அந்நாட்டார் கொண்ட அச்சம் பழமையானது. 1922 ஆகஸ்டில் முழு மதுவிலக்கு வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். நூற்றுக்கு 51 பேர் அளவில் வேண்டாமென்று சொல்ல, மயிரிழையில் மதுவிலக்கு தோற்றது. பிராட் என்ற மருத்துவர் வகுத்த முறைப்படி, ரேஷன் புத்தகம் போன்ற ஒரு புத்தகத்தில் குறித்து அளவாகச் சாராயம் விற்றார்கள். அது 1955-இல் ஒழிந்தது. அதே ஆண்டில் தேசம் முழுவதற்கும் ஒரே சர்க்கார் விற்பனை ஸ்தாபனம் ஏற்பட்டது. வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மதுவை, வலுக் குறைந்த பீர் நீங்கலாக, அதன் கடைகளில்தான் வாங்க வேண்டும். 1923 முதல் 1955 வரை வலுமிக்க பீர் கடைகளில் கிடைக்கவே கிடைக்காது. மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மருந்துக்கடையில் வாங்கலாம். கார்னகி போர்ட்டர் என்னும் கருநிறப் பீர் அவ்வாறு மருந்துப் புட்டிகளுக்கு நடுவே காலம் தள்ளிற்று.

நாம் பார்த்த சிற்றாலையின் பெயர் புதிய கார்னகி ஆலை. பெயரில் பழமை இருக்கிறது. டேவிட் கார்னகி என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1836-இல் கோதன்பர்க் நகரில் சர்க்கரை ஆலையோடு சேர்ந்த ஒரு போர்ட்டர் ஆலையை வாங்கி நடத்தினார். 1928-இல் அது பிரிப்ஸ் என்னும் பெரிய கம்பெனியின் கைக்குச் சென்றது. பிரிப்ஸ் நாட்டின் சிற்றாலைகளை ஒவ்வொன்றாக விழுங்கி வளர்ந்த கம்பெனி. 1970-களில் அதுவே சர்க்காரின் உடைமையாயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. கூட்டுறவுப் பேரவைக்கும் ஒருகாலத்தில் வோர்பி என்னுமிடத்தில் சொந்தப் பான ஆலை இருந்தது. அதுவும் தனியார் கைக்கு மாறிவிட்டது.

பழைய லூமா ஆலைக்குள் 2014-இல் புதிய கார்னகி ஆலையைத் தொடங்கியவர்கள் கார்ல்ஸ்பெர்க்கின் ஸ்வீடன் கிளையாரும், நியூயார்க்கின் புரூக்ளின் பீர் ஆலையாரும் ஆவர். அவர்கள் காய்ச்சிய பீர் வகைகளில் ஒன்றுக்கு நூறு வாட் என்று பெயர் வைத்தார்கள். விளக்கு ஆலையின் நினைவாக வைத்த பெயர் அது. ஐரோப்பாவில் 100 வாட் இழைவிளக்குகளின் விற்பனைக்கு 2009 செப்டம்பரில் தடை வந்துவிட்டதால், அந்தச் சொல் பீர்ப் புட்டியின் மீதுதான் தங்கிற்று போலும்.

பெருங்கம்பெனிகளின் கட்டை உடைக்கக் கட்டிய மண்டபத்தில் ஒரு பெருங்கம்பெனியின் சிற்றாலை குடியேறியதை எண்ணும்போது நமக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. ஆயினும் நியாயம் பேச வேண்டும். கார்ல்ஸ்பெர்க் முற்றிலும் ஒரே வகையில் சேர்க்கத்தக்க கம்பெனி அன்று. அதை நிறுவிய யாக்கோப்சன் என்பவர் 1876-இல் ஓர் அறநிலையத்தை ஏற்படுத்தி, தம் ஆலையை அதற்கே விட்டுச் சென்றார். கம்பெனியின் வாக்குரிமையில் பெரும்பான்மை இன்றும் அந்த அறநிலையத்திடம் இருக்கிறது. வருவாயில் பெரும்பகுதி விஞ்ஞானத்துக்குச் செலவாகிறது. அதன் ஆராய்ச்சிச்சாலையில் ஹான்சன் என்ற விஞ்ஞானி 1883-இல் கலப்பற்ற ஈஸ்டைத் தனியே பிரித்து வளர்க்கும் முறையைக் கண்டார். அதுவரை ஆலை ஆலையாகப் பீர் கெட்டுப்போய் நஷ்டம் வந்துகொண்டிருந்தது. அந்த ஈஸ்டைப் பூட்டி வைக்காமல் போட்டி ஆலைகளுக்கும் விலையின்றிக் கொடுத்தார்கள். பீபஸ் கூட்டத்தார் செய்ததோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நம் அங்கத்தினர்களுக்கும் அந்த ஆராய்ச்சிச்சாலையோடு ஒரு தொடர்பு உண்டு. மண் பரிசோதனைச் சீட்டில் பி.எச். என்று ஓர் எண் குறித்திருப்பார்கள். சாயத்தொட்டி நீரையும் அதே எண்ணால்தான் அளக்கிறார்கள். புளிப்பையும் காரத்தையும் அளக்கும் அந்த அளவுகோலை 1909-இல் வகுத்துக் கொடுத்தவர் அதே இடத்தில் வேலை செய்த சோரன்சன்.

எனினும் நம் மனத்தை உறுத்தியது வேறொன்று. ஸ்வீடனில் ஒருகாலத்தில் பீர் ஆலைகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவுக்குக் குறைந்துபோயின. பின்னர் ஆர்வமுள்ள தனி மனிதர்கள் கடனுடன் வாங்கிச் சிறு கொப்பரைகளை நிறுவி, தங்கள் கைப்பக்குவத்தால் மக்களிடம் பெயர் எடுத்தார்கள். இன்று சில நூறு சிற்றாலைகள் அங்கு இருக்கின்றன. கைவினைப் பீர் என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டாக்கியவர்கள் இவர்களே. சொல்லுக்கு மதிப்பு வந்ததும் பெரியவர்களும் அதை அணிந்துகொள்ள ஆசைப்பட்டார்கள். விசைத்தறித் துணி கைத்தறியென்று பெயர் பூண்டு கடைக்கு வருவதைப் பார்த்திருக்கும் நெசவாளர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமிராது. அமெரிக்காவின் சிற்றாலைக்காரர் சங்கம் இதற்கு ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. கைவினை ஆலை அல்லாத மதுக் கம்பெனியிடம் ஓர் ஆலையின் பங்குகளில் நூற்றுக்கு 25 அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்த ஆலையைக் கைவினை ஆலையென்று அது கணக்கில் சேர்ப்பதில்லை. புரூக்ளின் ஆலையில் ஜப்பானின் கிரின் கம்பெனி 2016-இல் வாங்கிய பங்கு நூற்றுக்கு 24½. கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் அந்த அரை வீதத்தில் வழக்கறிஞர்களின் கைப்பக்குவம் தெரிகிறது.

நாம் பார்த்த இடத்தில் வேலை செய்தவர்களின் திறமையில் நமக்கு ஐயமில்லை. கொப்பரைகள் சிறியவை; வேலை சுத்தம்; கேட்டவற்றுக்குப் பொறுமையாக விடை சொன்னார்கள். ஆனால் கொப்பரையின் அளவைப் பார்த்து உடைமையாளரின் அளவை அறிய முடியாது. இதே மண்டபத்தில் 1931-இல் இருந்த இயந்திரங்கள் பெரியவை. அவற்றின் உடைமையாளர்களோ வாரக்கூலி வாங்கிக் கடையில் மாவும் மெழுகுவத்தியும் வாங்கிய குடும்பத்தார்.

2025 ஜூன் மாதத்திலிருந்து ஸ்வீடனில் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தம் ஆலையைக் கட்டணம் கொடுத்துச் சுற்றிப் பார்க்க வருவோருக்கு, அந்த இடத்திலேயே குறிப்பிட்ட அளவு மதுவை உற்பத்தியாளர் நேரே விற்கலாம். சர்க்கார் கடையின் தனியுரிமையில் இது சிறு விலக்கு. சில ஆண்டுகளுக்குச் சோதனையாகக் கொடுத்திருக்கிறார்கள். திராட்சையோ ஆப்பிளோ வாற்கோதுமையோ பயிரிட்டு அதைத் தாமே பானமாக்கும் நாட்டுப்புறத்தார் பல்லாண்டு கேட்டுப் பெற்ற சலுகை இது. எல்லாருக்கும் இது கிடைக்காது. உற்பத்தி குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்டிருக்க வேண்டும். வேறு மது உற்பத்தியாளரைச் சட்ட முறையிலோ பண முறையிலோ சார்ந்திராத ஆலையாகவும் இருக்க வேண்டும். மனுக் கொடுப்பவர் தம் கொப்பரையைக் காட்டினால் போதாது, பங்குதாரர் யார் என்பதையும் காட்ட வேண்டும்.